பாவா ஆதம் மலை: பிள்ளைகளின் கையைப் பிடித்து ஏறும் முன் தெரிந்துகொள்ள நமது கதை



உந்துவப் போயாவோடு மலைப் பருவம் தொடங்கும். வெசாக் போயா வரை நடக்கும். இந்த மாதங்களில் நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களிலும் அந்தப் பேச்சு வரும். "புள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவமா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். உடனே மூன்று பதில்கள் வந்து விழும்.

"அது அவங்கட இடம். நமக்கு அங்க என்ன வேலை?"
"அங்க போறது ஷிர்க் ஆகாதா?"
"சின்னப் புள்ளைகள வச்சுக்கொண்டு அவ்வளவு படி ஏறலாமா?"

அத்தோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளைகள் போனைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த மூன்று கேள்விகளையும் நாங்கள் குறைவாக நினைக்கவில்லை. மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் மூன்றுக்கும் பதில் தேடும்போது நமது சமூகமே மறந்துபோன ஒரு நீண்ட கதை வெளியே வருகிறது. பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். முடிந்தால் இரவில் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். யானை வருகிறது, குரங்கு ராஜா வருகிறார், அட்டையும் வருகிறது. அவர்களுக்குப் பிடிக்கும்.

*பெயரிலேயே இருக்கிறோம்*

சிங்களத்தில் ஸ்ரீ பாத. தமிழில் சிவனொளிபாத மலை. நமது மூத்தவர்கள் வாயில் பாவா ஆதம் மலை. ஆங்கிலத்தில் ஆடம்ஸ் பீக். உயரம் 2,243 மீற்றர். உச்சியில் உள்ள பாதத் தடத்தைப் பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், இந்துக்கள் சிவனுடையது என்கிறார்கள். கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாருடையது என்று சொன்னதுண்டு. முஸ்லிம்களிடம் அது ஆதம் நபியின் பெயரோடு வழங்கி வந்தது.

ஆங்கிலப் பெயர் வெள்ளைக்காரன் யோசித்து வைத்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே போர்த்துக்கேயர் இதை ஆதமின் சிகரம் என்றுதான் அழைத்தார்கள். போர்த்துக்கேயர் வருவதற்கு அறுநூறு வருடங்களுக்கும் முன்பே அரபுக் கடலோடிகள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கி.பி. 851இல் எழுதப்பட்ட, வணிகர் சுலைமானின் பெயரோடு அறியப்படும் அரபுப் பயணக் குறிப்பு ஸரந்தீபின் அர்-ரஹூன் மலையையும் அதன் மேலுள்ள ஆதமின் பாதத் தடத்தையும் பற்றிச் சொல்கிறது. இன்றைக்கு ஏறத்தாழ 1,170 வருடங்களுக்கு முன் எழுதிய குறிப்பு அது.

நமது தரம் 6 பிள்ளையிடம் "இந்த மலைக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும். ஆயிரம் வருடக் கதை ஒரு பிள்ளையின் தலைக்குள் "ஒன்றுமில்லை" ஆகிவிட்டிருக்கிறது. எங்களை எழுத வைத்தது அதுதான்.

*பாதையைச் செய்தவர்கள்*

கதையில் நாம் இருக்கிறோம் என்று சொல்லும்போது மற்றவர்களையும் சொல்ல வேண்டும். இந்தப் பாதையை நடக்கக் கூடியதாக ஆக்கியவர்கள் சிங்கள மன்னர்களும் அவர்களுடைய அமைச்சர்களும்.

11ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னர், கடினமான இந்தப் பாதையில் வருபவர்கள் பசியில் வாடக் கூடாது என்பதற்காக கிலிமலே என்ற நெற்செழிப்புள்ள கிராமத்தை எழுதிக் கொடுத்தார் என்று சூளவம்சம் சொல்கிறது. ஊவாப் பக்கமிருந்து வரும் பாதைக்கும் இவ்வாறே கிராமங்கள் வழங்கினார். கிலிமலே இன்றும் இருக்கிறது. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலைக்குப் போகும் வழியில் அந்தப் பெயர்ப்பலகையைக் காணலாம். அவருடைய அம்பகமுவ கல்வெட்டும் மலைக்கு வருவோருக்கான கொடைகளைப் பற்றியதுதான்.

13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராஜர், உலப்பனை, அம்பகமுவ முதலிய இடங்களில் ஆறுகளுக்கு மேல் பாலங்கள் போட்டார். வழியில் தங்குமிடங்கள் கட்டினார். கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்து ஆட்கள் இதைக் கவனியுங்கள். நீங்கள் தினமும் பஸ்ஸில் போகும் வழிதான் அன்றைய மலைப் பாதை.

சோறு, பாலம், தங்குமிடம். இந்த மூன்றும் போர்வீரனுக்காகச் செய்தவையல்ல. கிழவர், பெண்கள், பிள்ளைகள் என்று குடும்பமாக நடக்கிறவர்களை நினைத்துச் செய்தவை.

*புத்தளத்தில் இறங்கிய பயணி*

1344ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 745. மொரோக்கோவின் தன்ஜாவில் பிறந்த இப்னு பதூதாவுக்கு அப்போது நாற்பது வயது. மாலைதீவிலிருந்து தென்னிந்தியாவின் மஃபர் கரைக்குப் போகப் புறப்பட்டார். காற்று கப்பலை இலங்கைப் பக்கம் தள்ளியது. கடலில் இருக்கும்போதே தூரத்தில் மலை தெரிந்தது. வானத்துக்கு எழும் புகைத் தூண் போல இருந்தது என்று பின்னாளில் சொன்னார்.

கப்பல் புத்தளத்தில் சேர்ந்தது. அப்பகுதி அப்போது ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. மன்னருக்குப் பாரசீக மொழி தெரியும். விருந்தாளியை மரியாதையாக வைத்திருந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். முத்துக் குளிக்கும் கரையின் மன்னர் அவர். கேட்காமலே முத்துக்களைக் கொடுத்தார். இப்னு பதூதா கேட்டது ஒன்றுதான்: ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

மன்னர் ஒரு பல்லக்கும் அதைத் தூக்கும் ஆட்களும் கொடுத்தார். வருடந்தோறும் மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் ஆட்கள் பத்துப் பேர், உணவுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே அனுப்பி வைத்தார். ஒரு முஸ்லிம் பயணி, ஒரு இந்து மன்னர், வழிகாட்ட யோகிகள். நாங்கள் கற்பனை செய்து எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். அவரே சொல்ல, பெஸ் நகரில் இப்னு ஜுஸை எழுதி முடித்த நூலில் உள்ளது இது.

ஒரு சின்ன விடயம். உலகத்தையே சுற்றிய அந்த மனிதரும் வழியில் கொஞ்ச தூரம் பல்லக்கில் போனவர்தான். ஆகவே பாதி வழியில் ஐந்து வயதுப் பிள்ளை "வாப்பா, தூக்குங்க" என்றால் கோபப்படாதீர்கள்.

*பக்கீர்களும் யானைக்குட்டியும்*

சிலாபத்தைத் தாண்டிக் காட்டு வழியில் போகும்போது அவர் யானைகளை நிறையக் காண்கிறார். அவை பயணிகளைத் தொந்தரவு செய்வதில்லை என்கிறார். அதற்குக் காரணமாக ஒரு பழைய கதை சொல்கிறார்.

ஷீராஸ் நகரத்துப் பெரியார் அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் சுமார் முப்பது பக்கீர்களோடு மலைக்குப் போகிறார். வழி தவறுகிறது. பசி தாங்க முடியவில்லை. யானைக்குட்டி ஒன்றைப் பிடித்து அறுத்துச் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். அவர் வேண்டாம் என்கிறார். அவர்கள் கேட்கவில்லை. அவர் மட்டும் சாப்பிடவில்லை. இரவில் யானைகள் வந்து தூங்குகிறவர்களை ஒவ்வொருவராக மோந்து பார்த்துச் சாப்பிட்டவர்களைக் கொன்றுவிடுகின்றன. பெரியாரை மோந்து பார்த்த யானை அவரைத் தும்பிக்கையால் தூக்கி முதுகில் வைத்து, மனிதர் வாழும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது.

கதையை அப்படியே வரலாறாக எடுக்க வேண்டிய தேவையில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து அவர் தன் கண்ணால் கண்டதாகச் சொல்வது முக்கியமானது. இந்த நாட்டு மக்கள் முஸ்லிம் பக்கீர்களை மதிக்கிறார்கள், தங்கள் வீட்டுக்குள் அழைத்துத் தங்க வைக்கிறார்கள், உணவளிக்கிறார்கள், அந்த விருந்தாளிகள் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளுக்கு மத்தியிலேயே இருப்பார்கள். இந்தியாவில் இப்படிக் காணவில்லை என்றும் ஒப்பிடுகிறார்.

அந்நியனைத் தன் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் விடுவது சாதாரண நம்பிக்கையல்ல. 14ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டில் அது இருந்திருக்கிறது.

*ஷெய்க் உஸ்மானின் குடும்பம்*

அடுத்து அவர் வந்து சேருவது குனகார் என்று அவர் எழுதும் தலைநகரத்துக்கு. அது குருநாகல் என்று பலர் கருதுகிறார்கள். நகரத்துக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது. மன்னரும் மக்களும் அவரைப் போய்ச் சந்திப்பார்கள். மலைக்குப் போகிறவர்களுக்கு அவர்தான் வழிகாட்டி.

இதில் வேதனையான ஒரு பகுதியும் உண்டு. ஷெய்க் உஸ்மான் பசு ஒன்றை அறுத்துவிட்டார். அந்நாட்டுச் சட்டப்படி அது மரண தண்டனைக்குரிய குற்றம். அவர் மேலிருந்த மரியாதையால் உயிரை விட்டுவிட்டு ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினார்கள். ஜீவனத்துக்காக ஒரு சந்தையின் வருமானத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். நடக்க முடியாத அவருக்குப் பதிலாக அவருடைய மக்களும் பணியாட்களும் மலைக்கு வழிகாட்டினார்கள்.

இந்தக் கதையை மறைத்துவிட்டு "அந்தக் காலத்தில் எல்லாம் இனிமையாக இருந்தது" என்று பிள்ளைகளுக்குச் சொல்வது சரியாகாது. சேர்ந்து வாழ்வதில் கசப்பும் இருந்தது. தண்டனை கொடுத்த அதே சமூகம் அவரைச் சந்திப்பதை நிறுத்தவில்லை. தண்டனை பெற்ற அதே குடும்பம் வழிகாட்டுவதையும் நிறுத்தவில்லை. இந்த மலையோடு நமக்குள்ள தொடர்பில் எங்களுக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான். இங்கே நாம் விருந்தாளிகளாக மட்டும் இருக்கவில்லை. வழி தெரிந்தவர்களாக, வாப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வழியைக் கைமாற்றியவர்களாகவும் இருந்திருக்கிறோம்.

*குரங்கு ராஜாவும் தேசிக்காயும்*

இனிப் பிள்ளைகளுக்கான பகுதி.

மலைக்காட்டில் நீண்ட வாலும் மனிதரைப் போல் தாடியும் உள்ள கறுப்புக் குரங்குகளை இப்னு பதூதா காண்கிறார். ஷெய்க் உஸ்மானின் வீட்டார் ஒரு கதை சொல்கிறார்கள். குரங்குகளுக்கு ஒரு ராஜா உண்டாம். இலைகளால் தலைப்பாகை கட்டி, தடி ஊன்றி நடப்பாராம். இருபக்கமும் நான்கு குரங்குகள் தடியோடு காவல் நிற்குமாம். வழிகாட்டிகள் பயணிகளுக்குக் கதை விடுவது அன்றைக்கே இருந்திருக்கிறது!

அடுத்தது அட்டை. நீர்நிலைக்கு அருகில் மரங்களிலும் செடிகளிலும் இருக்கும், மனிதன் கிட்டப் போனால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் இரத்தம் கொட்டும் என்கிறார். மக்கள் கையில் தேசிக்காய் வைத்திருப்பார்கள், பிழிந்துவிட்டால் அட்டை விழுந்துவிடும், அந்த இடத்தை மரக்கத்தியால் வழிப்பார்கள். கிட்டத்தட்ட 670 வருடங்களுக்கு முன் எழுதிய இந்தக் குறிப்பை இரத்தினபுரிப் பக்கத்து ஒரு மூத்தம்மாவிடம் வாசித்துக் காட்டினால், "இதுல என்ன புதினம்? நாங்களும் அதைத்தானே செய்றம்" என்பார்.

உள்ளங்கை அளவு சிவப்புப் பூக்களையும் பாடுகிறார். இன்றும் நமது உயர்ந்த மலைகளில் சிவப்பாகப் பூக்கும் மஹரத்மல் மரங்கள் நிற்கின்றன. அதுவாக இருக்கலாம். உயரத்துக்கு ஏறியபின் மேகங்கள் காலுக்குக் கீழே நின்றன என்கிறார். மேகத்தை மேலிருந்து பார்க்கும் அனுபவம் நமது பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது கிடைக்க வேண்டும்.

*பாபா பாதை, மாமா பாதை*

மலைக்கு இரண்டு பாதைகள் என்கிறார் இப்னு பதூதா. ஒன்று பாபா பாதை. மற்றது மாமா பாதை. பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஏனென்றால் நமக்கு மாமா என்றால் உம்மாவின் சகோதரர். இங்கே பாபா என்பது ஆதம் (அலை), மாமா என்பது ஹவ்வா (அலை). வாப்பா பாதை, உம்மா பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உம்மா பாதை இலகுவானது. திரும்பி வரும்போது அதனால் இறங்குவார்கள். ஏறுவதற்கும் அதையே எடுத்தவரை மலைக்குப் போனவராகவே கணக்கில் எடுக்கமாட்டார்களாம். வாப்பா பாதை கரடுமுரடானது, செங்குத்தானது. வழியில் ஒவ்வொரு பெயருடைய குகைகள். அவைதான் தங்குமிடங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே கிழ்று (அலை) பெயரிலுள்ள குகை. கொண்டுவந்த சுமையையெல்லாம் அங்கே வைத்துவிட்டு வெறுங்கையோடு மேலே ஏறுவார்கள். மூன்று நாட்கள் அங்கே தங்கி, காலையும் மாலையும் மேலே போய் வருவது வழக்கம்.

ஏறும் இடத்தில் பாறையில் பத்து இரும்புச் சங்கிலிகள். அரை நூற்றாண்டுக்கு முன்பே மார்கோ போலோவும் இந்தச் சங்கிலிகளைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அந்த இடத்தில் நின்று கீழே பார்த்தவருக்குத் தலை சுற்றும், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாய் தானாகக் கலிமா சொல்லும். அதனால் அந்தப் பெயர்.

சிங்கள பௌத்தக் குடும்பங்களும் ஒவ்வொரு இடத்துக்கும் இப்படிப் பெயரும் வழக்கமும் வைத்திருக்கிறார்கள். சீத கங்குலவின் குளிர்ந்த நீரில் குளிப்பார்கள். இந்திகட்டுபானவில் ஊசியும் நூலும் வைப்பார்கள். முதன்முறை ஏறுபவருக்குக் 'கோடு' என்று பெயர். கூட்டத்தை நடத்திச் செல்லும் அனுபவசாலி 'நடே குரா'. எதிரே வருபவருக்குக் 'கருணாவயி' என்பார்கள். உச்சியில் எத்தனையாவது தடவை ஏறினார்களோ அத்தனை முறை மணியடிப்பார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்ட தாயும், எழுபது வயதுப் பாட்டியும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். பிள்ளைகளோடு மலை ஏறுவது எப்படி என்பதை இந்த நாட்டில் நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான். பக்கத்து வீட்டுப் பண்டாவிடமோ குசுமாவிடமோ கேட்டுப் போவதில் குறைவில்லை. அன்று யோகிகளிடம் கேட்டுத்தானே இப்னு பதூதாவும் போனார்.

*"ஷிர்க் ஆகாதா?"*

மலையை வணங்கவோ, தடத்திடம் எதையாவது கேட்கவோ போகுமாறு நாங்கள் சொல்லவில்லை. குர்ஆன் ஆதம் (அலை) பூமிக்கு இறக்கப்பட்டதைச் சொல்கிறது. எந்த இடம் என்று சொல்லவில்லை. இந்தியப் பக்கத்து நிலமொன்றில் இறங்கினார்கள் என்ற அறிவிப்புகளை இமாம் தபரீ போன்றோர் தமது வரலாற்று நூல்களில் பதிந்து வைத்திருக்கிறார்கள். அது வரலாற்று நூலில் உள்ள செய்தி. ஈமானின் பகுதியல்ல.

ஆனால் பூமியில் பயணம் செய்து பார்க்கும்படியும், மலைகள் நாட்டப்பட்டிருக்கும் விதத்தைச் சிந்திக்கும்படியும் குர்ஆன் அழைக்கிறது. களனி கங்கையும் களு கங்கையும் இந்த மலைத்தொடரில்தான் ஊற்றெடுக்கின்றன. கொழும்பில் குழாயைத் திறந்து குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து தொடங்குகிறது என்று பிள்ளைக்குக் காட்டினால் அதுவும் ஒரு பாடம். அந்த எண்ணத்தோடு போகிறவர் உச்சியில் காலணியைக் கழற்றிவிட்டு, மற்றவர்களின் வணக்கத்துக்கு இடைஞ்சல் செய்யாமல் ஓரமாக நின்று படைத்தவனை நினைத்துவிட்டுத் திரும்பலாம். மனதில் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். உச்சி வரை போகாமல் பாதையில் மட்டும் நடந்து வந்தாலும் நல்லதுதான்.

*"அவங்கட இடம்"*

2019 ஏப்ரலுக்குப் பிறகு நமது குடும்பங்களுக்குள் ஒரு பயம் புகுந்துவிட்டது. "ஹபாயாவோட போனா யாராவது ஏதாவது சொல்லுவாங்களோ?" என்று நமது பெண்கள் யோசிப்பது எங்களுக்குத் தெரியும். முறைத்துப் பார்ப்பவர் இருக்கலாம். "நீங்க ஏன் இங்க?" என்று கேட்பவரும் இருக்கலாம். அப்படி நடக்கவே நடக்காது என்று நாங்கள் உறுதி சொல்லமாட்டோம்.

ஆனால் அந்தப் பயத்தில் பொது இடங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால் நமது பிள்ளைகளுக்கு வீடு, பாடசாலை, பள்ளிவாசல், டியூசன் என்ற நான்கு சுவர்கள்தான் மிஞ்சும். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையைக் காணாமலே வளரும். காணாதவர் மேல்தான் சந்தேகம் வளர்கிறது. மூச்சிரைக்க ஏறும் இரண்டு பிள்ளைகள் ஒரே தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்து பணிஸைப் பகிர்ந்து சாப்பிடுவது, நாங்கள் வகுப்பறையில் ஒரு தவணை முழுக்க நடத்தும் சமாதானப் பாடத்தைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் காலத்தது, 1409ஆம் ஆண்டு திகதியிட்டது, காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. ஒரே கல்லில் சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கடல் கடந்து வந்தவருக்கே தெரிந்திருந்தது, இந்த நாட்டில் மூன்று பேரிடமும் பேச வேண்டும் என்று. பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப் போனால் அந்தக் கல்லையும் காட்டுங்கள்.

*பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு*

பழைய பயணிகள் செய்ததிலிருந்தே சொல்கிறோம்.

1. வழி தெரிந்தவரோடு போங்கள். பருவ காலத்தில் மட்டும் போங்கள். ஹட்டன், நல்லதண்ணிப் பாதையில் பருவத்தில் மின்விளக்கும் கடைகளும் இருக்கும். மே மாதத்துக்குப் பின் மழை, காற்று, இருட்டு, அட்டை. அது சின்னப் பிள்ளைகளுக்கான காலமல்ல.

2. உம்மா பாதையை எடுங்கள். ஐந்தாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள்ள நல்லதண்ணிப் பாதைதான் இன்று குறைந்த தூரம். பலாபத்தலை, எரத்னப் பாதைகள் பழமையானவை, அழகானவை, ஆனால் நீளம். அவை பிள்ளைகள் வளர்ந்தபின். இலகுவான பாதையில் போனவரைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று இன்று யாரும் சொல்லப் போவதில்லை.

3. நடுஇரவில் ஏறிச் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்ற அவசரம் பிள்ளைகளோடு வேண்டாம். அந்த நேரத்தில்தான் கூட்டம் அதிகம், குளிரும் அதிகம், சுபஹுத் தொழுகையும் நெரிசலுக்குள் தவறிப் போகும். சுபஹைத் தொழுதுவிட்டு வெளிச்சத்தில் தொடங்குங்கள். பார்க்க வேண்டியதெல்லாம் பகலில்தான் தெரியும்.

4. குகைக்குக் குகை தங்கியது போல நின்று நின்று போங்கள். ஒவ்வொரு தங்கலிலும் ஒரு கதை சொல்லுங்கள். முதலாவதில் பல்லக்கு, அடுத்ததில் யானை, பிறகு குரங்கு ராஜா. கதை கேட்கிற பிள்ளை படியை எண்ணாது.

5. சுமையைக் கீழே வையுங்கள். குளிர் சட்டை, மழைக்கவசம், தண்ணீர், கொஞ்சம் பேரீச்சம்பழம், ஒரு தேசிக்காய். மற்றதெல்லாம் வானிலேயே இருக்கட்டும்.

6. செங்குத்தான கடைசிப் படிகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கையைப் பிடியுங்கள். அங்கே வாய் தானாகத் திக்ரு சொல்லும்.

7. பாதி வழியில் பிள்ளை முடியாது என்றால் திரும்பிவிடுங்கள். கட்டாயப்படுத்தி ஏற்றிய மலையைப் பிள்ளை பிறகு தேடாது. விருப்பத்தோடு திரும்பிய பிள்ளை "அடுத்த முறை எப்ப?" என்று கேட்கும்.

8. கொண்டுபோன பொலித்தீன், போத்தல் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். இந்தச் சிகரக் காடு 2010 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையான மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. நமது பிள்ளை குனிந்து ஒரு குப்பையை எடுப்பதைப் பார்ப்பவர் நம்மைப் பற்றி நல்லதையே நினைப்பார்.

9. எதிரே வருபவர் "கருணாவயி" என்றால் சிரித்துப் பதில் சொல்லப் பிள்ளைக்குப் பழக்குங்கள். அதன் பொருள் கருணை. நாம் ஒவ்வொரு காரியத்தையும் தொடங்கும்போது சொல்லும் ரஹ்மான், ரஹீம் என்ற பெயர்களின் பொருளும் அதுதானே.

நமது பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில்தான் நீண்ட விடுமுறை. அப்போது மலை ஏற முடியாது. ஆனால் பெருநாளுக்குப் பிறகு வெசாக் வரை சில வாரங்கள் கிடைக்கும். பெருநாள் சந்தோஷத்தை உணவகத்தோடும் கடைத்தெருவோடும் முடித்துவிடாமல், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வான் பிடித்துப் போகலாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நமது ஊர்களில் எண்பது வயதைத் தாண்டிய மூத்தவாப்பாமார், மூத்தம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சின்ன வயதில் மலைக்குப் போயிருந்தால், அல்லது அவர்களுடைய பெற்றோர் போன கதையைக் கேட்டிருந்தால், அதைப் பிள்ளைகளை வைத்தே எழுதி வையுங்கள். எந்தப் பாதை, யாரோடு, என்ன சாப்பிட்டார்கள், எங்கே தூங்கினார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். தன்ஜாவிலிருந்து வந்தவர் சொல்லி வைத்ததால் ஷெய்க் உஸ்மானின் பிள்ளைகள் வழிகாட்டியது நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்த நமது குடும்பங்களின் கதைகளை எழுத வேறு யாரும் வரப் போவதில்லை.

அல்லாஹ் நமது பிள்ளைகளுக்குப் பலமான கால்களையும், விசாலமான மனதையும், பாதுகாப்பான பயணங்களையும் தருவானாக. ஆமீன்.